நூல் அறுக்கிற மிசின்

எங்கள் பங்கில் பூசைக்கு உதவும் பொடியன்களின் வெள்ளை அங்கிகளைத் தைத்தவர் ஒரு முஸ்லிம். இப்போது சொன்னால் சிலருக்குப் புதினமாக இருக்கும். அப்போது அது யாருக்கும் புதினமில்லை. நாவாந்துறைப் பக்கமிருந்த எங்கள் வீட்டிலிருந்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவுக்குச் சைக்கிளில் ஐந்து நிமிடம். யாழ்ப்பாணத்தில் தையல், இரும்புச் சாமான், லொறி ஓட்டம், மாட்டிறைச்சி என்று பல தொழில்கள் அவர்களுடைய கையில் இருந்தன. ஆணி வேண்டுமென்றாலும் அங்கேதான், அங்கிக்கு அளவு கொடுப்பதென்றாலும் அங்கேதான்.

அந்தத் தையல்கார நானாவின் கடை ஒரு கதவுக் கடை. வாசலோரம் கால்மிசின், சிங்கர். பக்கத்தில் துணி வெட்டும் மேசை. மேசை விளிம்பில் ஒரு அங்குல நாடாவைப் பசை போட்டு ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியிருந்தார். அந்த நாடாவின் முதல் ஆறு அங்குலம் எப்போதோ கிழிந்து போயிருந்தது. அதனால் அது ஏழில் தொடங்கும். துணியை வைத்து அளந்துவிட்டு, மனதுக்குள் ஆறைக் கழித்துச் சொல்லுவார். "புதுசா ஒண்டு ஒட்டினால் என்ன நானா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏழில துவங்கினா என்ன டீச்சர், துணிக்குத் தெரியப்போகுதா?" என்றார்.

மிசினுக்கும் ஒரு குணம் இருந்தது. நீளத் தையல் போகும்போது நடுவில் நூலை அறுத்துவிடும். அவர் ஏசமாட்டார். நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடி ஊசியில் கோத்துக்கொண்டு, "இதுக்கு என்னில ஏதோ கோபம்" என்பார்.

நோன்பு காலத்தில் அவருடைய மனைவி தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்து விடுவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நத்தாருக்கு எங்கள் வீட்டில் இரண்டு கேக் செய்வோம். ஒன்று பிராண்டி ஊற்றியது, மற்றது அவர்களுக்கென்று ஊற்றாதது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பெரிய அன்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய வீட்டுக்குள்ளே போய் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர்களும் எங்கள் விறாந்தையைத் தாண்டி வந்ததில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகளின் பெயர்களெல்லாம் எனக்குத் தெரியும், என் மகளின் தோள் அளவு அவருக்குக் கேளாமலே தெரியும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து விளக்கு எரித்தோம். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் செப்டம்பரில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனது. நாங்கள் குண்டுக்கும் ஷெல்லுக்கும் பயந்து பதுங்குகுழிக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் கிழக்கிலிருந்து வேறு செய்திகள் வந்தன. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளின் கதைகளும் வந்தன. யாழ்ப்பாணத்தில் எங்கள் வாய்களில் இந்தக் கடைசிக் கதைகள்தான் அதிகம் புழங்கின. முதலாவதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னோம், பிறகு அதையும் விட்டுவிட்டோம். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியது தெரிந்தும், "அங்க ஏதோ பிரச்சினையாம்" என்று சொல்லிக் கடந்து போனோம்.

ஒக்டோபர் 30 செவ்வாய்க்கிழமை. கிழமை நன்றாக நினைவிருப்பதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோனகதெருப் பக்கம் போனது. வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். அங்கே விடுதலைப் புலிகள் சொன்னது என்னவென்று இப்போது உலகத்துக்குத் தெரியும்: இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும், சாமான் எதையும் எடுக்கக்கூடாது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சந்திக்கு வந்தபோது இயக்கப் பொடியன்கள் சைக்கிளை மறித்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் நான்காம் வகுப்பில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். துவக்கைத் தோளில் மாட்டியிருந்தான். "டீச்சர், இந்தப் பக்கம் வராதேங்கோ. சுத்திப் போங்கோ" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். தெரு முழுக்கச் சனம். காலை நேரம் கடைத்தெருவில் வழக்கமாகக் கேட்கும் சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வரிசையின் முன்பக்கத்தில் ஆட்களை நிறுத்திப் பைகளைக் கிளறினார்கள். ஒரு சின்னப் பிள்ளை அழுதபடி காதைப் பொத்திக்கொண்டு நின்றது. வெயிலுக்காக்கும் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். தோட்டைக் கழற்றியிருந்தார்கள் என்று விளங்க எனக்கு நேரம் எடுத்தது.

அந்த வரிசையில் அக்கா நின்றார். இடுப்பில் கடைக்குட்டி, கையில் ஒரு சீலைப் பை. நானாவைக் காணவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை, கையைத் தூக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் கூட இராது. பிறகு நான் சைக்கிளைத் திருப்பி, மிதியில் காலை வைத்து, சுற்றிப் போனேன்.

என் சைக்கிள் கூடையில் மத்தியானச் சாப்பாடு இருந்தது. புட்டும் முட்டைப் பொரியலும், ஒரு போத்தல் தண்ணீரும். அந்தச் சனம் அன்று முழுவதும் என்ன சாப்பிட்டது, எங்கே தண்ணீர் குடித்தது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டரைக்கு நான் என்னுடைய புட்டைச் சாப்பிட்டேன். பசித்தது.

ஒக்டோபர் செபமாலை மாதம். அன்று பின்னேரமும் கோயிலில் செபமாலை நடந்தது. செவ்வாய்க்கிழமை என்றபடியால் துக்க தேவ இரகசியங்கள். இரத்த வேர்வை, கற்றூணில் அடிபட்டது, முள்முடி, சிலுவை சுமந்தது. சிலுவை சுமந்துபோகும் நாலாவது இரகசியத்தை முன்னின்று சொல்லும் முறை அன்று எனக்கு. குரல் தடுமாறாமல் சொன்னேன். அவ்வளவு நேரமும் அரை மைல் தூரத்தில் ஒரு முழுத் தெரு, ஆளில்லாமல், அடுப்பில் வைத்த பானைகளோடு திறந்து கிடந்தது. கோயிலில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது ஒரு கிழவி மட்டும், "ஐயோ, அந்தக் குஞ்சு குருமன்களோட எங்க போறது" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளுடைய கையைப் பிடித்து அமத்தினார்கள்.

பயம்தான் காரணம் என்று பிற்காலத்தில் எல்லோரும் சொன்னோம். பயம் உண்மை. அந்த நாளில் இயக்கத்தைக் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பயத்தை மட்டும் சொன்னால் முழு உண்மை ஆகாது. கையை அசைப்பதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. போத்தல் தண்ணீரை அந்த என் பழைய மாணவனிடம் கொடுத்து, "அந்த அக்காட்டக் குடு தம்பி" என்று சொல்லியிருக்கலாம். கொடுத்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. பயந்தவளுக்கு யோசனை வந்து, அதைச் செய்யாமல் விட்டிருப்பாள். எனக்கு யோசனை வராததற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

வடமாகாணம் முழுவதிலிருந்தும் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். நவம்பரில் ஒரு ஞாயிறு, நல்ல சமாரியன் உவமை வந்தது. அந்தப் பாடம் எனக்குக் கைவந்த பாடம். பொடியன்களுக்கு நடிக்கக் கொடுத்தால் எல்லோருக்கும் கள்ளன் வேஷம்தான் வேண்டும், கழுதைக்கு ஆள் கிடையாது. குருவானவர் ஒருவர் போகிறார், லேவியர் ஒருவர் போகிறார், இரண்டு பேரும் காண்கிறார்கள், விலகிப் போகிறார்கள் என்று சொன்னேன். சமாரியர் என்பவர்கள் யூதருக்குப் பிடிக்காத சனம், சேர்ந்து சாப்பிடமாட்டார்கள் என்றும் வழக்கம்போல விளக்கினேன். முன் வாங்கிலிருந்த ஒரு பெட்டை கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்களுக்குப் பிடிக்காத சனம் ஆர்?"

"படத்துக்கு நிறம் தீட்டுங்கோ" என்றேன். ஆளுக்கு இரண்டு கலர்ப் பென்சில்தான் இருந்தது. பொருளாதாரத் தடை காலம். எல்லாப் பிள்ளைகளும் சமாரியனுக்குப் பச்சைச் சட்டை தீட்டினார்கள்.

சில மாதம் போனபின் சோனகதெரு வீடுகளின் கதவுகள், யன்னல்கள், ஓடுகள் கழன்று போகத் தொடங்கின. அங்கிருந்து எடுத்த சாமான்களை இயக்கம் விற்பனைக்குப் போட்டது. கட்டில், அலுமாரி, குத்துவிளக்கு மாதிரி ஒரு பித்தளை விளக்கு, குழந்தைகளின் மூன்று சில்லுச் சைக்கிள். சனம் வாங்கியது. எங்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராத காலம். தையல் தெரியும், மிசின் இருந்தால் நாலு காசு பார்க்கலாம் என்று நான்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னேரம் என்னுடைய அவர் மாட்டுவண்டியில் ஒரு கால்மிசினைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே ஒரு மேசையும். "ஆற்றையோ தெரியாது" என்றார். நான் கேட்காமலே, "நாங்கள் எடுக்காட்டி வேற ஆரும் எடுப்பினம்" என்றும் சொன்னார்.

மேசையைச் சுவரோரம் தள்ளும்போது விளிம்பில் கை பட்டது. வார்னிஷுக்குக் கீழே அங்குல நாடா. ஏழில் தொடங்கியது.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் அன்றிரவே அதைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. அந்த மேசையில் நாலரை வருடம் துணி வெட்டினேன். மற்றவர்களின் சட்டைகள், மாதா சுரூபத்துக்கு நீலப் போர்வை, பீடத் துணி, பின்னர் பூசைப் பொடியன்களின் அங்கிகளும். ஒவ்வொரு அளவுக்கும் ஆறைக் கழித்தேன். நீளத் தையலில் நூல் அறுந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஊசியை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. அறுந்த நூலை நாக்கில் நனைத்துக் கோக்கும்போது நானாவின் மூடிய கண் நினைவுக்கு வரும். அந்த நேரம் வேகமாக மிதிப்பேன்.

1995 எங்களுடைய முறை.

அந்த ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, நவாலியில் இராயப்பர் கோயிலில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஒக்டோபர் 17 'ரிவிரெச' என்ற பெயரில் இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி நகர்ந்தது. ஒக்டோபர் 30, திங்கட்கிழமை பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய இயக்க வாகனம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. இரவுக்குள் எல்லோரும் தென்மராட்சிக்குப் போய்விட வேண்டும். மகள் புத்தகங்களைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு இருந்தது. நான் கலண்டரைப் பார்த்தேன், பிறகு பார்க்காததுபோல இருந்தேன்.

அந்த நடையை எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான்கைந்து லட்சம் பேர், ஒற்றைக் கண்டி வீதி, நாவற்குழிப் பாலம். சைக்கிள்கள், லாண்ட்மாஸ்டர், ஆட்டோடு வந்தவர்கள், தாயைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தவர்கள். மழை. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அரியாலையிலிருந்து பாலத்துக்கு வர விடியப்போகிற நேரம் ஆகிவிட்டது. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்துநிற்க வேண்டும். இருட்டில் எனக்குப் பின்னால் யாரோ செபமாலை தொடங்கினார்கள், முகம் தெரியாது. திங்கள் என்றபடியால் சந்தோஷ தேவ இரகசியங்கள். மரியாள் எலிசபெத்தைக் காணப் போனது, மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பிறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சைவக்காரர். அவர்களும் சும்மா வாயசைத்தார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. ஐந்து வருடத்துக்கு முந்திய அதே திகதியில், இதே கண்டி வீதியில் போனவர்கள் எந்த மணிக்கு இந்த இடத்தைக் கடந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இரண்டு மணி நேரம், எங்களுக்கு ஒரு பின்னேரம். எங்களுடைய தோட்டை ஒருவரும் கழற்றவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருந்தோம்.

கைதடியில், விடிந்தபின், றோட்டோரம் ஒரு வயதான மனுசி பெரிய கேத்திலோடு நின்றார். விபூதிப் பூச்சு மழையில் கரைந்திருந்தது. பக்கத்தில் பனங்குட்டானை உடைத்துப் போட்ட சுளகு. போகிறவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். இருந்தது ஒரேயொரு மூக்குப்பேணி. ஒருவர் குடித்ததும் வாங்கி, அடுத்தவருக்கு ஊற்றினார். இதை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். தென்மராட்சியில், அந்த வயது மனுசியின் வீட்டில், எந்தச் சாதிக்கு எந்தப் பாத்திரம் என்று அதுவரை கணக்கு இருந்திருக்கும். எங்கள் கடற்கரைச் சனத்துக்கு அங்கே பேணி கிடைத்திருக்காது, சிரட்டைதான். அன்றைக்கு அவர் ஒருவரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் கையில் பேணியைத் தந்துவிட்டு முகத்தைப் பார்த்தார். "குடி பிள்ளை. ஆறுதலாக் குடி. பின்னால நிக்கிறவைக்கும் கிடக்கு" என்றார்.

நான் அந்த வீதியோரத்தில் இருந்து அழுதேன். களைப்பில் அழுகிறேன் என்று என்னுடைய அவர் நினைத்தார். என் சைக்கிள் கூடையில் இருந்த அந்தப் போத்தல் தண்ணீர்தான் கண்ணுக்குள் நின்றது. இரக்கம் என்றால் ஏதோ பெரிய காரியம், அதற்கு அர்ச்சிஷ்டர்களுக்கு உள்ள தைரியம் வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தேன். இந்த மனுசி ஒரு பேணியோடு நிற்கிறார்.

ஆறு மாதம் தென்மராட்சியில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பதினொரு குடும்பத்தோடு. அதைச் சுருக்கமாக விடுகிறேன். 1996இல் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். பூட்டு உடைந்திருந்தது. மிசினும் இல்லை, மேசையும் இல்லை. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைப் பற்றி எனக்கே வெட்கம்தான். பொருள் போனால் பாவமும் போய்விடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. சோனகதெருவுக்கு ஒருசிலர் வீடு பார்க்க வரத் தொடங்கினார்கள். ஓடில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. சுவர்களில் சன்னம் பட்ட துளைகள். ஒருநாள் நடுத்தர வயது ஆள் ஒருவர் ஒரு வீட்டு வாசலில் குந்தியிருந்து நிலத்தில் பதித்த சீமெந்துப் பூவைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்த் தையல்கார நானாவைப் பற்றிக் கேட்டேன். "அவர் மௌத்தாகிட்டார். புத்தளத்தில. குடும்பம் கற்பிட்டி றோட்டில இருக்கு" என்றார்.

அந்த வருட நத்தாருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மாதாமாதம் போனேன். கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை, இது பாவப்பட்டியலில் எந்தக் கற்பனைக்குக் கீழே வரும் என்று தெரியாததும் ஒரு காரணம். அன்று சைக்கிளைத் திருப்பியதிலிருந்து மிசின் வரை எல்லாம் சொன்னேன். கூட்டுக்குள் இருந்த சுவாமி இளம் ஆள். நெடுநேரம் சத்தமில்லை. நித்திரையாகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"இது மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லித் தீர்க்கிறதில்லை, அம்மா" என்றார். "ஆக்கள் உயிரோட இருக்கினம்தானே. போய்ப் பாருங்கோ."

"போய் என்ன சொல்ல, சுவாமி?"

"எனக்குத் தெரியாது. முதல் போய் முகத்தைப் பாருங்கோ."

2003 ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் போகிற ஆட்களோடு சேர்ந்து போனேன். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி வீதி. இரண்டு பக்கமும் வெள்ளை மணல், தென்னை, உப்புக் காற்று. வழிநெடுகக் கிடுகு வேலிகள், கிடுகுக் குடிசைகள், இடையிடையே பாதி கட்டிய கல்வீடுகள். பன்னிரண்டு வருடம் கழிந்தும் அந்த ஊர்க்காரர் வடக்கிலிருந்து வந்தவர்களை 'அகதி' என்றுதான் சொன்னார்கள். வீட்டை விசாரித்தபோது, "எந்த அகதி? யாழ்ப்பாணமா, மன்னாரா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

அக்கா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புளியைக் கீழே வைக்காமலே எழும்பினார்.

"டீச்சர்தானே?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த அத்தனை வருடத்தில் நான் போய் இருக்காத வீட்டுக்குள், இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி வந்து, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் தையல் மிசின் ஓடும் சத்தம். "மகள்" என்றார். "வாப்பாட தொழில்."

நானா 1998இல் காலமானார் என்றார். இங்கே வந்தபின் கூலிக்கு வெங்காயத் தோட்டத்தில் நின்றாராம். கண் மங்கிவிட்டது. பிறகு அக்கா எதையோ நினைத்தவராகச் சிரித்தார். "அண்டைக்கு மைதானத்தில இருந்து வந்து, வீட்ட வராம நேர கடைக்குத்தான் போனவர் டீச்சர். எனக்கு ஆத்திரம். பிள்ளையள வச்சுக்கொண்டு நான் நிக்கிறன், இவர் வெட்டின துணியெல்லாம் ஒவ்வொண்டாக் கட்டி, பேர் எழுதி வைக்கிறார். ஆக்கள் வந்து கேப்பாங்க எண்டு. உங்கட மகள்ட நத்தார்ச் சட்டை, கை மட்டும்தான் வைக்கக் கிடந்தது. அதையும் மடிச்சு 'டீச்சர்' எண்டு எழுதினவர். நீங்க போய் எடுத்தனீங்களா?"

"இல்லை அக்கா."

"ஓ" என்றார். தேத்தண்ணி வந்தது. இஞ்சி போட்டது. அவரே திரும்பக் கேட்டார். "உங்களுக்கும் அதே முப்பதாம் திகதிதானாமே? றேடியோவில சொன்னாங்க. மழையாமே அண்டைக்கு. எங்களுக்கு மழை இல்ல டீச்சர். சின்னப் பிள்ளையோட எப்பிடி நடந்தீங்க? அவரும் நானும் இரவிரவா றேடியோவுக்குப் பக்கத்தில இருந்தம். அவர் அழுதவர். டீச்சர்ட மகளுக்கு இழுப்பு இருக்கே, நனஞ்சால் கூடுமே எண்டு சொல்லிக்கொண்டு."

மகளுக்கு இழுப்பு இருந்தது உண்மை. தோள் அளவு எடுக்கும்போது அவளுடைய மூச்சைக் கேட்டிருப்பார்.

பஸ்ஸில் வரும்போது மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அழிந்துபோனது. சந்தியில் அவரைக் கண்டதை, சைக்கிளைத் திருப்பியதைச் சொன்னேன். "கண்டனான்" என்றார், அவ்வளவுதான். பிறகு மிசினைச் சொன்னேன். மேசை விளிம்பைக் கையால் தடவியதும், நாடா ஏழில் தொடங்கியதும், தெரிந்துகொண்டே நாலரை வருடம் தைத்ததும், பீடத் துணி தைத்ததும் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் மிசின் நின்றுவிட்டது. அக்கா சீலைத் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்தார். வெளியே கோழி ஒன்று புளியைக் கிளறியது, அவர் அதை விரட்டவில்லை.

"டீச்சர்" என்றார். "நீட்டுத் தையலில நூல அறுக்குமே அது. உங்களுக்கும் அறுத்ததா?"

"அறுத்தது, அக்கா. எல்லாம் செய்து பார்த்தன். நிக்கேல்ல."

"அது பொபின் கேஸ் தேஞ்சு போச்சு" என்றார். "கொழும்பில இருந்து ஒண்டு எடுப்பிக்கோணும் எண்டு அவர் சொல்லிக்கொண்டே இருந்தவர்."